பார்சல் உடைந்து போனால் பணம் வருமா?

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் பேச்சு எல்லாம் முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் ஒரு விஷயம் வந்தது. நம்மில் ஒரு அம்மா, பெங்களூரில் இருக்கும் மகளின் சீமந்தத்துக்கு ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். ஒரு பட்டுப்புடவை, சின்னதாக ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, ஒரு பாட்டில் மாங்காய்த் தொக்கு. போய்ச் சேர்ந்தபோது பெட்டியின் ஒரு பக்கம் அமுங்கியிருந்தது. பாட்டில் உடைந்து, எண்ணெய் முழுவதும் புடவையில் இறங்கி, விளக்கின் தண்டும் வளைந்திருந்தது. புடவை மட்டும் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். எந்த ஊர் அலுவலகத்தில் கொடுத்தார் என்பது இங்கே வேண்டாம். போய்க் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். "இன்ஷூரன்ஸ் பண்ணீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார். "அப்படின்னா என்னங்க?" என்று இவர் கேட்டிருக்கிறார். அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

செயலாளர் என்னைப் பார்த்து, "சார், நீங்க பேங்கில் இருந்தவர், சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்து அடுத்த கூட்டத்தில் பேசுங்க" என்றார். பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். தபாலில் போன பார்சல் சேதமானால் எவ்வளவு பணம் வரும் என்பது பெரும்பாலும், பார்சலைக் கவுண்டரில் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு கோபப்பட்டாலும் அந்தத் தொகை மாறாது.

ஏன் அப்படி என்று கேட்பீர்கள். நான் பி.காம். படித்தபோது மெர்கன்டைல் லா என்று ஒரு பாடம் இருந்தது. ஒருவர் பொருளை இன்னொருவர் நம்பி ஒப்படைத்தால், வாங்கிக்கொண்டவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வது போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு சொல்கிறது. சைக்கிள் ஸ்டாண்டில் விடும் சைக்கிள், சலவைக்குப் போடும் வேட்டி, எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. தபாலுக்கும் அதுதானே என்று நாம் நினைக்கிறோம். அங்கேதான் தவறு.

அஞ்சல் துறைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து 1898 சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தபால் தொலைந்தாலோ, தாமதமானாலோ, வேறு ஆளிடம் போனாலோ, சேதமானாலோ அரசுக்குப் பொறுப்பில்லை என்று சொன்னது. அரசே வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு மட்டும் விதிவிலக்கு. ஊழியர் மேல் வழக்குப் போட வேண்டுமானால், அவர் மோசடி செய்தார் அல்லது வேண்டுமென்றே செய்தார் என்று காட்ட வேண்டும். கவனக்குறைவு என்பது போதாது.

இந்தச் சட்டம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பாகிஸ்தானுக்கு வி.பி.பி.யில் அனுப்பிய சரக்குக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்று ஒரு வியாபாரி போட்ட வழக்கில் 1979-ல் தீர்ப்பு வந்தது. லாரி கம்பெனி போலத் தபால் ஆபீஸ் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம் அல்ல, அனுப்புகிறவரின் ஏஜென்டும் அல்ல, அது சட்டப்படி நடக்கும் அரசுப் பணி என்று நீதிமன்றம் சொன்னது. நாம் ஒட்டும் ஸ்டாம்ப் வாடகை மாதிரி தெரிந்தாலும், சட்டத்தின் கண்ணில் அங்கே சாதாரண ஒப்பந்தம் எதுவும் உண்டாகவில்லை.

சரி, 1898 சட்டம்தான் போய்விட்டதே என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். 2023 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய அஞ்சல் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஜூன் 18-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதிலும் 10-ஆம் பிரிவு இதே கதைதான். விதிகளில் குறிப்பிட்ட பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பு கிடையாது. சட்டம் புதிது, பூட்டு பழையது.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், 50 பைசா கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு நியாயம். எந்த மூலைக்கும் அந்தக் கார்டு போகிறது. அதற்கு நஷ்ட ஈடு என்று ஆரம்பித்தால் துறையே நடக்காது. ஆனால் தனியார் கூரியரோடு போட்டி போட்டுப் பார்சல் பிடிக்கும் இன்றைய நிலையில், பார்சலுக்கும் அதே கேடயத்தைப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குறைந்தபட்சம், "இன்ஷூர் பண்ணணுமா?" என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்கலாம். ஒவ்வொரு பார்சல் கவுண்டரிலும் தமிழில் ஒரு போர்டு வைக்கலாம். நமது சங்கம் கோட்டக் கண்காணிப்பாளருக்கு இப்படி ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று தலைவரிடம் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

"கவுண்டரில் இருந்தவரே சொன்னாரே, எதுவும் ஆகாதுன்னு" என்று சிலர் சொல்வார்கள். அது செல்லுபடியாகாது. இதற்கு வங்கிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழக்கு உண்டு. பழனி தண்டாயுதபாணி சுவாமி திருக்கோயில், 1995-ல் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கு மேல் தபால் ஆபீஸ் டைம் டெபாசிட்டில் போட்டது. தபால் ஆபீஸும் வாங்கிக்கொண்டது. பிறகுதான், அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நிறுவனங்கள் அந்தத் திட்டத்தில் சேர முடியாது என்று சொல்லி, வட்டி இல்லாமல் அசலை மட்டும் திருப்பிக் கொடுத்தது. கோயில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011-ல் தீர்ப்பு தபால் துறைக்குச் சாதகமாக வந்தது. கவுண்டரில் பணத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பதால் விதி மாறாது என்பதுதான் அதன் சாரம். ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு அப்படி என்றால், ஒன்பதாயிரம் ரூபாய்ப் புடவைக்குச் சொல்லவே வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய பொருள் தொலைந்தாலோ, உள்ளே இருப்பது திருடு போனாலோ, சேதமானாலோ, விதிப்படி கிடைப்பது நீங்கள் கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு, அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. பலரும் 1,000 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். "எது குறைவோ" என்ற வார்த்தையை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் 150 ரூபாய் கட்டியிருந்தால் இரு மடங்கு 300. 1,000-ஐ விட 300 குறைவு. ஆகவே 300 ரூபாய்தான். முழு ஆயிரம் கிடைக்க வேண்டுமானால் கட்டணமே 500 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். உள்ளே என்ன இருந்தது, அதன் விலை என்ன என்ற கேள்வியே இதில் வராது. தாமதத்துக்கு என்றால் கட்டிய கட்டணம் திரும்ப வரும், அவ்வளவுதான்.

இன்ஷூர் செய்த பார்சல் வேறு கதை. அங்கே நீங்கள் அறிவித்த மதிப்பு வரை, உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு கேட்கலாம். பெரிய அஞ்சலகங்களில் ஒரு லட்சம் ரூபாய் வரை இன்ஷூர் செய்யலாம். நெடுங்காலமாக இருந்து வரும் கணக்கு இது: முதல் 200 ரூபாய் மதிப்புக்கு 10 ரூபாய், அதன் பிறகு ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 6 ரூபாய். 5,000 ரூபாய்ப் பொருளுக்குப் போட்டுப் பாருங்கள். முதல் 200-க்கு 10. மீதி 4,800, அதாவது 48 நூறுகள், 48 ஆறு 288. மொத்தம் 298 ரூபாய். அனுப்பும் அன்று இருக்கும் கட்டணத்தைக் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். முந்நூறு ரூபாய் அதிகம்தான் என்று தோன்றும். இரண்டாயிரம் ரூபாய்ச் சேலைக்கு நானும் யோசிப்பேன். கல்யாணப் பட்டுக்கு யோசிக்க மாட்டேன்.

இன்னொன்று. கிளை அஞ்சலகங்களில் இன்ஷூரன்ஸ் வரம்பு மிகக் குறைவு. நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் இருப்பவை பெரும்பாலும் கிளை அஞ்சலகங்கள். ஆகவே விலை உயர்ந்த பொருள் என்றால் வாலாஜாபாத், உத்திரமேரூர், காஞ்சிபுரம் என்று பெரிய ஆபீசுக்கு எடுத்துப் போங்கள். பஸ் செலவு வீணில்லை. மதிப்பைக் கூட்டிச் சொல்லவும் கூடாது. ஐந்தாயிரம் பொருளை இருபதாயிரம் என்று எழுதினால் இருபதாயிரம் வராது, சந்தேகம்தான் வரும். கைத்தறி சங்கத்தில் வாங்கிய புடவை என்றால் அந்த பில்லைப் பத்திரமாக வையுங்கள். மதிப்புக்கு அதுதான் சாட்சி.

தாய்மார்கள் கவனத்துக்கு ஒன்று. புடவை மடிப்பில் ஐந்நூறு ரூபாய்த் தாளை வைத்து, "எடுத்ததும் பார்க்கட்டும்" என்று அனுப்பும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆசைதான். ஆனால் ரூபாய் நோட்டு, தங்கம், நகை இவற்றைத் தபாலில் அனுப்பினால் இன்ஷூர் செய்தே அனுப்ப வேண்டும் என்பது விதி. சும்மா வைத்து அனுப்பித் தொலைந்தால், கேட்கவே வாய் இருக்காது. இப்போதுதான் போனிலேயே பணம் அனுப்புகிறோமே.

அடுத்தது பேக்கிங். பார்சல் நஷ்ட ஈட்டுக் கோரிக்கைகள் தோற்கும் முதல் இடம் இதுதான். "பேக்கிங் சரியில்லை" என்று ஒரு வரி எழுதினால் கோப்பு மூடிவிடும். எண்ணெய், தொக்கு, ஊறுகாய் இவற்றைத் துணியோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. தொக்கு போயே ஆக வேண்டும் என்றால் தனிப் பார்சல், கண்ணாடி பாட்டில் வேண்டாம், இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, அதைச் சுற்றி ஒரு கவர், அதைச் சுற்றி இன்னொரு கவர். குத்துவிளக்கு என்றால் மரையைக் கழற்றி அடிப்பாகம், தண்டு, தட்டு எல்லாவற்றையும் தனித்தனியே பழைய துணியில் சுற்றுங்கள். முழு விளக்கை நிமிர்த்தி வைத்தால் பாரம் விழும்போது தண்டுதான் முதலில் வளையும். கடையில் கிடைக்கும் பழைய பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒரு முறை ஏற்கனவே பயணம் செய்து தளர்ந்தது. புது நெளி அட்டைப்பெட்டி முப்பது, நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்டியைக் கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே சத்தம் வரக் கூடாது. சில பெரிய அஞ்சலகங்களில் அவர்களே பெட்டி போட்டுக் கட்டித் தருகிறார்கள், அதுவும் நல்லது. இன்ஷூர் செய்யும் பார்சலுக்கு மூட்டுகளில் அரக்கு முத்திரை வேண்டும். யாராவது பிரித்திருந்தால் முத்திரை காட்டிக் கொடுக்கும்.

உள்ளேயும் ஒரு தாளில் பெறுபவர் பெயர், விலாசம், போன் நம்பர் எழுதி வையுங்கள். மேல் தாள் கிழிந்தால் உள் தாள் காப்பாற்றும். கட்டுவதற்கு முன் போனில் நாலு போட்டோ எடுங்கள். ரசீதையும் போட்டோ எடுங்கள், ஏனென்றால் அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். ரசீதில் எடை இருக்கும். அது முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

பார்சல் வந்து சேரும் இடத்தில் என்ன செய்ய வேண்டும்? இதை உங்கள் பிள்ளைகளுக்கு இன்றே போனில் சொல்லுங்கள், ஏனென்றால் அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். பெட்டி அமுங்கியிருந்தால், ஈரமாக இருந்தால், டேப் மாறியிருந்தால், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பிறகு பிரித்துப் பார்க்காதீர்கள். "ஓப்பன் டெலிவரி வேண்டும்" என்று கேளுங்கள். அதாவது அஞ்சலகத்தில், அதிகாரி முன்னிலையில் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது, என்ன சேதம் என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுவது. அங்கேயே எடை போடச் சொல்லுங்கள். ரசீதில் 2 கிலோ 300 கிராம், இங்கே 1 கிலோ 900 என்றால், 400 கிராம் வழியில் இறங்கியிருக்கிறது என்று தராசே சொல்கிறது. தபால்காரத் தம்பியிடம் சண்டை போட வேண்டாம். அவர் பையில் வந்ததைக் கொண்டு வந்து கொடுக்கிறார், உடைத்தவர் அவர் இல்லை.

பெட்டியை, டேப்பை, உள்ளே வைத்த காகிதத்தை, உடைந்த பாட்டிலை எதையும் எறியாதீர்கள். சேதத்தைச் சொல்லும் சாட்சி அந்தப் பெட்டிதான். வீட்டை சுத்தம் செய்கிறேன் என்று மறுநாளே குப்பையில் போட்டுவிடுகிறோம்.

கோரிக்கையை எழுத வேண்டியவர் பெரும்பாலும் அனுப்பியவர். சேதம் பெங்களூரில் தெரிந்தாலும், மனு தென்னேரியிலிருந்து போக வேண்டும். ரசீது உங்கள் கையில்தானே இருக்கிறது. அதே வாரத்துக்குள் எழுதுங்கள். பார்சல் எண், அது 13 எழுத்து-எண்கள் சேர்ந்தது, அனுப்பிய தேதி, ஆபீஸ் பெயர், கட்டிய தொகை, இன்ஷூர் மதிப்பு, என்ன சேதம், எவ்வளவு கேட்கிறீர்கள். ஒரு பக்கம் போதும். கடைசி வரியில் தொகையை எழுதாமல் "தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்று முடிப்பது நம் பழக்கம். அப்படி எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்றே பதில் வரும். "ரூபாய் 5,000 ஈடு வழங்க வேண்டும்" என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

அங்கே தீரவில்லை என்றால் 1800 266 6868 என்ற இலவச எண் அல்லது அஞ்சல் துறை இணையதளத்தில் புகார். அதன் பிறகு கோட்டக் கண்காணிப்பாளர். அஞ்சல் துறையே தாக் அதாலத் என்று அவ்வப்போது குறைகேட்புக் கூட்டம் நடத்துகிறது, அறிவிப்பு வரும்போது முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளமும் உண்டு. மனு எங்கே தூங்குகிறது என்று தெரியவில்லை என்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். தபால் ஆபீசில் வாங்கிய போஸ்டல் ஆர்டரை வைத்துத் தபால் ஆபீசையே கேள்வி கேட்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

கடைசியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஆனால் இன்ஷூர் செய்யாத பார்சலுக்கு முழு விலை கேட்டுப் போனால், முன்னே சொன்ன அந்தப் பிரிவு குறுக்கே நிற்கும். இன்ஷூர் செய்து, ஓப்பன் டெலிவரி எழுதி வாங்கி, அதற்கும் பணம் தரவில்லை என்றால், அப்போது உங்கள் கை வலுவானது.

"அப்படின்னா கூரியரில் அனுப்பிடலாமே சார்" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அங்கேயும் அதே கல்தான், வேறு வண்ணத்தில். 1990-ல் பாரதி நிட்டிங் என்ற பின்னலாடை நிறுவனம், ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்கின் ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் கொடுத்தது. ஆவணம் போய்ச் சேரவில்லை. நகல் போய், சரக்கு எடுப்பதற்குள் கோடைக்கால சீசன் முடிந்துவிட்டது. விலையைக் குறைத்துத்தான் கொடுக்க முடிந்தது. நஷ்டம் நாலே கால் லட்சத்துக்கு மேல். மாநில ஆணையம் அந்தத் தொகையைக் கொடுக்கச் சொன்னது. ஆனால் கையெழுத்துப் போட்ட ரசீதில் பொறுப்பு 100 டாலர்தான் என்று அச்சிட்டிருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், கையெழுத்துப் போட்டால் அது உங்களைக் கட்டுப்படுத்தும் என்று 100 டாலரிலேயே நிறுத்தியது. ஆகவே கூரியர் ரசீதின் பின்பக்கத்தையும் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். உத்திரமேரூரில் ஆயிரம் ஆண்டுக்கு முன் ஊர் விதிகளை எல்லோரும் படிக்கும்படி கோயில் சுவரில் பெரிதாக வெட்டி வைத்தார்கள். இன்றைக்கு ரசீதின் பின்னால் எறும்பு எழுத்தில் போடுகிறார்கள்.

ஆன்லைனில் வாங்கிய பொருள் உடைந்து வந்தால் மட்டும் நீங்கள் தபாலோடோ கூரியரோடோ மல்லுக்கட்ட வேண்டியதில்லை. நீங்கள் பணம் கட்டியது விற்பனையாளருக்கு. 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். தீரவில்லை என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்.

பேசி முடித்த பிறகு இரண்டு கேள்விகள் வந்தன. அவற்றையும் இங்கே சேர்க்கச் செயலாளர் சொன்னார்.

லாரி பார்சலில் அனுப்பினால் என்ன நிலை என்று ஒரு அண்ணன் கேட்டார். அதற்கு 2007-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. அதிக மதிப்பை எழுதிக் கொடுத்துக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால், பொறுப்பு பொதுவாகக் கட்டிய வாடகையின் பத்து மடங்கு வரைதான். மேலும், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காமல் வழக்குப் போட முடியாது. போனில் சொன்னது நோட்டீஸ் ஆகாது.

சிங்கப்பூரில் இருக்கும் பேரனுக்கு அனுப்பும் பார்சல் என்றால் என்று இன்னொரு அம்மா கேட்டார். சர்வதேச அஞ்சல் ஒன்றிய விதிப்படி பார்சலுக்கான விசாரணையை அனுப்பியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும், இங்கே அனுப்பிய அஞ்சலகத்திலேயே கேட்கலாம். தொக்கை மட்டும் அங்கே அனுப்பும் முன் அந்த நாட்டுச் சுங்கம் அனுமதிக்குமா என்று பார்த்துவிடுங்கள் அம்மா.

மனு மாதிரி ஒன்றைத் தமிழில் தட்டச்சு செய்து செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ரசீதையும் பில்லையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் என் வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.